வலப்பக்கம் விழுந்த பூ

சினிமாக்காரர்கள் வந்து கேட்டபோது நான் வீட்டில் இருந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். என் வீட்டுக்காரர்தான் இருந்தார். காபியும் கொடுத்து, எங்கள் வீட்டை ஒட்டி ஏரிப்பக்கமாகக் கிடக்கும் காலி மனையில் ஷூட்டிங் நடத்திக்கொள்ளுங்கள் என்று தாராளமாகச் சொல்லிவிட்டார். காமெடிப் படமாம். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் விலை போகாத மனைகளை விற்க, ஒரு புரோக்கர் அங்கே பொய்யாக ஓர் அம்மனை முளைக்க வைக்கிறான். ஊரே நம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் வாயில் ஒரு பொய்கூட வரமாட்டேன் என்கிறது. கதையைச் சொல்லிச் சொல்லி இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் ஞாயிறு தவறாமல் செம்பாக்கம் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நான் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவள். நம் இடத்தில் பொய்ச்சாமி எதற்கு என்று கேட்டேன். பொய்தானே, உனக்கென்ன பயம் என்றார்.

மறுநாள் காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். எதிரே அம்மன் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உடம்பு, பிளைவுட் கோயில். பெயிண்ட் அடித்தவன் கண்ணை மட்டும் என்ன நினைத்துக்கொண்டு வரைந்தானோ தெரியவில்லை. அடுப்படியில் எந்த மூலைக்குப் போனாலும் என்னையே பார்த்தாள்.

படத்தில் அம்மன் வாக்குக் கொடுக்கும் காட்சி ஒன்று இருந்தது. சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூ வைத்து ஒரு கேள்வி கேட்பார்கள். வலப்பக்கம் பூ விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் கூடாது. நம் ஊர்க் கோயில்களில் பார்க்கிறதுதான். இங்கே அதற்கு, மீன் பிடிக்கிற நைலான் நரம்பு இரண்டைச் சிலையின் முதுகு வழியாக விட்டு, பின்சுவர் ஓட்டையில் வெளியே எடுத்திருந்தார்கள். ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள் என்னைக் கூப்பிட்டு இழுத்தும் காட்டினார். பூ பொத்தென்று விழுந்தது. நானே சிரித்துவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் ஷூட்டிங் பாக்கி இருக்கிறது, ஹீரோ தேதி கொடுத்ததும் வருகிறோம் என்று தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் போனார்கள். சில நாளில் தார்ப்பாயைக் காணோம். நெற்றியில் குங்குமம், காலடியில் எலுமிச்சம்பழம். எப்போது எட்டிப் பார்த்தாலும் விளக்கு எரிந்தது. ஏற்றுகிற ஆளை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. தெருவில் எல்லோரிடமும் சண்டை போடாத குறையாகச் சொன்னேன், அது வெறும் மாவுப் பொம்மை என்று. "ஆமாம் டீச்சர்" என்பார்கள், சொல்லிவிட்டுக் கற்பூரம் ஏற்றப் போவார்கள்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவருக்குச் சர்க்கரை வியாதி. கால் விரலில் வந்த புண் கணுக்கால் வரை கறுத்துப்போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனுஷர் முடியவே முடியாது என்றார். அவர் மனைவி என் சமையலறையில் தரையோடு உட்கார்ந்து அழுதாள். நான் நேரே போய் அவரைத் திட்டினேன். அவர் நிதானமாக, அம்மனிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு என்றார்.

"அவ வலது பக்கம் பூ குடுத்தா கால குடுத்துடறேன். எடது பக்கம் குடுத்தா இப்டியே பூடறேன் டீச்சர்."

அது பொம்மை அண்ணா, பின்னால் நரம்பு கட்டி இழுத்தார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

"தெரியும். ஷூட்டிங்க நானும்தான் பாத்துக்கினு இருந்தேன். கல்லு மட்டும் இன்னா, பொறக்கும்போதே சாமியாவா கீது?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். மனைவி அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அம்மன் தோள்களில் செவ்வரளி வைத்தாள். நான் அதற்கு முன்பே பிளைவுட் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஆண்டவரே மன்னியும், ஓர் உயிருக்காகத்தான் என்று முணுமுணுத்தேன். காற்றே இல்லை. ஏரித் தண்ணீர் அசையவில்லை. முன்பக்கம் அவர் தழுதழுத்துக் கேட்பது காதில் விழுந்தது. வலப்பக்க நரம்பைப் பிடித்து இழுத்தேன்.

கனமே இல்லை. நரம்பு சரசரவென்று மொத்தமாக என் கைக்கு வந்துவிட்டது. மறுமுனையைச் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். சினிமாக்காரர்கள் போகும்போது வேண்டியதைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இடப்பக்க நரம்பும் அப்படியே வந்தது. ஐயோ, இந்த மனுஷர் செத்துப்போவாரே என்று மட்டும் தோன்றியது.

ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஓர் அடி வைத்தேன். அப்போதுதான் முன்பக்கம் அவர் மனைவி வாய்விட்டு அழுதாள். சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். செவ்வரளி வலப்பக்கம் கீழே கிடந்தது. இடது தோள் பூ வைத்தபடியே இருந்தது. பல்லியா, எறும்பா, சிலையில் விரிசலா என்று சயின்ஸ் டீச்சராகத் தேடினேன். ஒன்றும் இல்லை. அம்மன் வழக்கம்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே காலை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவர் ஒருநாள் என்னைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பின்பக்கத்திலிருந்து நான் வந்ததைப் பார்த்தவர் ஆயிற்றே. இழுக்கப் போனது நான்தானே, ஆனாலும் கேட்டால் இல்லை என்று சொல்வதற்குக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். இந்த வயதில் பொய் சொல்லப் பழகுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கட்டைக் காலோடு அவர் மறுபடியும் வண்டிக்கு வந்த பிறகு, துணி கொடுக்கப் போனேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மறைக்காம சொல்லுங்க டீச்சர். அந்தப் பூவ தள்ளி வுட்டது நீங்களா? நீங்கன்னா, என் கால ஏமாத்தி வாங்கினா மாரி ஆயிடும். அம்மன்னா, போவட்டும், அவளுக்குக் குடுத்தது."

"நான் இல்லண்ணா" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் புடவையை விரித்துத் தேய்க்கத் தொடங்கினார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவு நாள் பழகி வைத்திருந்தது பொய் என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, நான் அவரிடம் சொன்னது சத்தியம். பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.