மறுநாள் பசி

செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டு, கொப்பரை மண்டியின் மூட்டைத் தராசில் ஏறி நிற்கிறார் சென்னிமலை. சட்டைப்பையிலிருந்து டெஸ்டர், ஸ்பேனர், சாவிக்கொத்து மூன்றையும் எடுத்து மண்டிக்காரர் சிக்கந்தரிடம் கொடுக்கிறார். கைக்கடிகாரத்தையும் கழற்றப் போகிறார்.

"அது இருந்துட்டுப் போகட்டுமுங்ணா. அதென்ன கால் கிலோவா இருக்கப் போகுது?" என்று சிக்கந்தர் தராசின் குண்டை நகர்த்துகிறார். கம்பி ஆடி நிற்கிறது. எண்பத்தேழு கிலோ.

பொள்ளாச்சியில் ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு இது நடக்கிறது. 1995 பொங்கல் கழிந்த வாரம் இதே தராசு நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. "அரை மூட்டை சிமிட்டிய எறக்கி வெச்சுப்போட்டனுங்க" என்று கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

நாற்பத்து நான்கு வயது. பம்புசெட் மெக்கானிக். ஓடுகிற மோட்டாரின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "பேரிங் அழுவுதுங்க" என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். ஆனால் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் பாதாளத்தில் இருக்கும். சுவரில் பதித்த கல்படிகளில் கால் மாற்றிக் கால் வைத்து இறங்கியாக வேண்டும்.

அந்தப் பொங்கல் கழிந்த வாரம்தான், நெகமம் பக்கம் வெங்கடபதியின் தோட்டத்துக் கிணற்றில் பாதிவரை இறங்கியவருக்குத் தொடை நடுக்கம் கண்டுவிட்டது. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. இடுப்பில் கயிறு கட்டி நாலு பேர் இழுத்தார்கள். வெங்கடபதி இளநீர் வெட்டிக் கொடுத்துத் தன்மையாகத்தான் சொன்னார்: "அடுத்த தடவ ஆராச்சும் எளசா அனுப்பிச்சு உடுங்க. நீங்க மேல நின்னு சொன்னாப் போதுமுங்க." வைதிருந்தால்கூட சென்னிமலை அன்று தூங்கியிருப்பார்.

அந்த வாரமே சோற்றைக் குறைத்தார். கொள்ளு ரசம், கீரை, காலையில் ஒரு மணி நேரம் நடை. அப்போதெல்லாம் வாரம் இரு முறை ஏறிப் பார்ப்பார்; சனிக்கிழமை காலை தராசு இரண்டு கிலோ இறங்கிக் காட்டும். திங்கட்கிழமை பழைய இடத்திலேயே நிற்கும். இப்படியே இரண்டு மாதம். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டாளிகளோடு பிராந்தி குடிப்பதை மட்டும் விடவில்லை, அது பத்து வருஷப் பழக்கம்.

"நடுவுல ஒரு நாள்தானுங்ணா இருக்குது. அன்னிக்கு அப்படி என்னத்தைத் திங்கறீங்க?" என்று சிக்கந்தர் கேட்டார்.

 சென்னிமலை அதை மனைவி கீதாவிடம் போய்க் கேட்டார். கீதா அரிசி களைந்துகொண்டே ஒப்பித்தாள்.

"சனிக்கெழம ராத்திரி கடையில நாலு பரோட்டா, ரெண்டு ஆம்லெட். அது நீங்க சொன்ன கணக்கு. ஊட்டுக்கு வந்து சட்டியில இருந்த சோத்தை வழிச்சுத் தின்னீங்க. காலைல பதினாலு இட்லி. பதினோரு மணிக்குக் குடல் கொழம்பு. மத்தியானம் பிரியாணி. நாலு மணிக்கு, 'என்னமோ வயிறு காலியா இருக்குதம்மணி'ன்னு பஜ்ஜி கேட்டீங்க."

குடி ஒரு நாள், தீனி இரண்டு நாள். எதிரி மறுநாள் பசியில் உட்கார்ந்திருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது.

ரோஷத்தில் அடுத்த ஞாயிறு பச்சைத்தண்ணீரோடு பட்டினி கிடந்தார். மாலை ஐந்து மணிக்குக் கீதா கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், ஒறம்பறைச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலிருந்து வந்த பலகாரக் கூடையில் முறுக்குத் தூள்கூட மிச்சமில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல் விழித்தார். கீதா திட்டவில்லை.

"நீங்க பட்டினியும் கெடக்க வேண்டாம், பதினாலும் திங்க வேண்டாம். மத்த நாளு எப்படித் திங்கறீங்களோ அப்படியே தின்னுபோட்டு எந்திரிங்க" என்றாள்.

அதன்பின் ஒரு ஒழுங்கு வந்தது. சனிக்கிழமை கிளம்பும் முன்பே வீட்டில் களியும் கீரையும் சாப்பிட்டுவிடுவார். ஞாயிறு எழுந்ததும் உப்புப் போட்ட மோர் இரண்டு சொம்பு. பாதிப் பசி வெறும் தாகம் என்று அவரே கண்டுபிடித்தார். பிறகு நாலு இட்லி. பிறகு வீட்டில் இருப்பதில்லை. அடுப்படி கண்ணில் படாத தூரத்துக்கு நடந்துவிடுவார். சனிக்கிழமை பிராந்தியும் ஆறு கிளாஸிலிருந்து மெல்ல இரண்டாயிற்று. "மூணாவது கிளாஸ்தானுங்க பரோட்டாவக் கூப்புடறது" என்று கூட்டாளிகளிடம் விளக்கம் சொன்னார். சில சனிக்கிழமைகளில் போகவே மறந்துபோனார்.

வழுக்கலும் உண்டு. மச்சான் வீட்டுக் கிடாவெட்டில் ஐந்து கிளாஸ், ஒன்பது பரோட்டா. விடிந்ததும் தட்டின் முன் தலைகுனிந்து உட்கார்ந்தவர், கீதா எதுவும் கேட்கும் முன்னே, "நேத்து நேத்தோட போச்சு. இன்னைக்கு நாலுதான்" என்றார். நாலுதான் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் ஜெயித்தோம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

இந்த ஞாயிறு, எண்பத்தேழைக் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், வாசலில் வெங்கடபதி ஸ்கூட்டரோடு நிற்கிறார். கிணற்றடியில் குழாய் முனையில் இருக்கும் ஃபுட்வால்வு அடைத்து மூன்று நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. புதிதாக வைத்த தென்னங்கன்றுகள் வாடுகின்றன.

"ஆரை அனுப்பறீங்க?" என்றார் அவர், சென்னிமலையை நிமிர்ந்து பார்க்காமல்.

"ஆரையும் அனுப்பறதில்லீங்க. நானே வாரேன்."

எழுபது அடி. கிணற்று மேட்டில் அன்று இழுத்த அதே ஆட்கள் கயிற்றோடு தயாராக நின்றார்கள். சென்னிமலை அதை வாங்கிப் பக்கத்துத் தென்னையில் மாட்டிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். வால்வைக் கழற்றி அடைப்பை நீக்கிப் பூட்ட முக்கால் மணி நேரம். ஏறி வரும்போது ஒரு படியிலும் நிற்கவில்லை. மேலே வந்து, மூச்சு வாங்காமல், "சுச்சைப் போடுங்க" என்றார். குழாய் இருமுறை செருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. ஆட்களில் ஒருவர் விசிலடித்தார். வெங்கடபதி வந்து அவர் முதுகைத் தடவி, பிறகு வயிற்றைப் பார்த்து, "ஏனுங்க, மீதியெல்லாம் எங்க போச்சு?" என்றார். சென்னிமலை கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மத்தியானம் அங்கேயே சாப்பாடு. வாழை இலை, நாட்டுக்கோழிக் குழம்பு. ருசித்து, விரலை நக்கி, ரசச் சோறுவரை நிறைவாகச் சாப்பிட்டார். வெங்கடபதியின் மனைவி சட்டியும் கரண்டியுமாக வந்து குனிந்தார். "கெணத்துல எறங்கி ஏறுன ஒடம்பு, இன்னொரு கை போட்டுக்கங்க. ஈரல் உங்களுக்குன்னே எடுத்து வெச்சனுங்க."

கரண்டி இலைக்கு மேலே ஆவியோடு நின்றது. சென்னிமலை கண்ணை மூடி அந்த வாசனையை ஒரு தரம் நெஞ்சு நிறைய இழுத்தார். பிறகு இலையின் மேல்பாதியைப் பிடித்துத் தன் பக்கமாக மடித்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.