எசன் வரை லொரெய்னுடன்

சனிக்கிழமை காலை ஒன்பது மணியளவில் ஜேர்மனியின் ஹம் நிலையத்தில் றெயின் ஏறினோம். எசனுக்கு முக்கால் மணி நேரப் பயணம். என் அருகில் லொரெய்ன். அமெரிக்காவின் தென் டக்கோட்டாவில், லக்கோட்டா பழங்குடியினர் தாங்களே நடத்தும் கல்லூரியின் தலைவி. முதல்நாள் ஹம்மில் உரையாற்றியவரை எசன் தமிழ்ப் பாடசாலையும் அழைத்திருந்தது. எதிரே எங்கள் ஹம் தமிழ்ப் பாடசாலையின் நிர்வாகி சிவம் அண்ணை. அங்கே பெரிய வகுப்புக்குப் படிப்பிப்பவள் நான். என் வகுப்பில் மிஞ்சியிருந்தவர்கள் இருவரே. அதை மூடுவதா என்று மறுநாள் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும்.

காமன் நிலையம் தாண்டியதும் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, தலைவிக்கு என்ன வேலை என்று கேட்டேன். லொரெய்ன் சிரித்தார். பனி கொட்டினால் வீதி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, வெப்பமூட்டி நின்றால் ஆள் தேடுவது, வாஷிங்டன் போய்ப் பணம் கேட்பது. மிச்ச நேரத்தில் கல்வி என்றார்.

அவருடைய தகப்பன், வெள்ளையர் நடத்திய விடுதிப் பள்ளியில் தன் மொழியான லக்கோட்டாவைப் பேசியதற்காக அடி வாங்கியவர். பிள்ளைகளிடம் அந்த மொழியில் ஒரு சொல்லும் பேசவில்லை. முப்பது வயதில், கைக்குழந்தையோடு, இதே கல்லூரியில்தான் லொரெய்ன் அதைக் கற்றார். ஒருநாள் தகப்பனிடம், “சாப்பிட்டீங்களா?” என்று லக்கோட்டாவில் கேட்டாராம். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து, லக்கோட்டாவிலேயே பதில் சொன்னார். அன்று பேச்சு முடிவதற்குள் சமைத்து வைத்திருந்த சூப்பும் ரொட்டியும் ஆறிப்போயின.

டோர்ட்மண்ட் வந்ததையே நாங்கள் கவனிக்கவில்லை.

“அவ படிச்ச வகுப்பிலை எத்தினை பேர் எண்டு கேளுங்கோ,” என்றார் அண்ணை.

கேட்டேன். லொரெய்ன் இரண்டு விரல்களைக் காட்டினார். மற்றவர் இப்போது அங்கே மொழி ஆசிரியராம்.

அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எசன் நெருங்க என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு நான் கதைக்கிறன். உங்கட வகுப்பு இருக்கட்டும்.”

மாலையில் எசன் நிலையத்தில் லொரெய்னைப் பிராங்க்பேர்ட் றெயினில் ஏற்றிவிடக் காத்திருந்தபோது அவர், “தோக்ஷா” என்றார். விடைபெறும் சொல் அல்லவாம். பிறகு பார்ப்போம் என்பதாம். நாங்களும் ‘போறன்’ என்பதில்லை, ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்வோம் என்றேன். ஏறும்போது படியில் நின்று, திக்கித் திக்கி அதைச் சொன்னார்.

“ஓம், வாங்கோ!” என்றார் அண்ணை, பிளாட்போர்ம் முழுக்கக் கேட்க.