கஸ்தூரி ஒளித்து வைத்த டப்பா

போனில் கஸ்தூரியின் பெயர்தான் வந்தது. முந்தானைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தவள், நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே எடுத்தேன். "சொல்லுடி, காபி குடிச்சியா?" என்றேன். பேசியது அவள் மகள் நித்யா. "சித்தி, அம்மா போயிட்டாங்க." விடியற்காலைத் தூக்கத்திலேயே போயிருக்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரையோ கிண்டல் செய்துவிட்டு, சிரிப்பை அடக்கக் கண்ணை மூடிக்கொண்டவள் மாதிரி படுத்திருந்தாள்.

ஆரணியில் பட்டுக்கடைப் பின்கட்டில் என்னோடு உட்கார்ந்து குஞ்சம் கட்டிய கஸ்தூரியை உங்களுக்கெல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறி எங்கே போகிறோம் என்பதுதான் தெரியாது. ஜோசியம் பார்க்க என்று சிலர் சொன்னார்கள். ரகசியமாக மனை வாங்குகிறோம் என்று சிலர். நாங்கள் டப்பா தேடப் போனோம்.

அது தொடங்கியது கண்ணமங்கலம் சாலையில். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். பட்டணத்து ஆள் ஒருவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சிறுபாலத்துக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தார். "இன்னா சார், செயின் கின் தொலைச்சிட்டீங்களா?" என்று கஸ்தூரி கேட்டாள். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். உலகம் பூராவும் யார் யாரோ சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்து வைக்கிறார்களாம். இருக்கும் இடத்தைப் போன் காட்டுமாம். போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பேர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டுமாம். டப்பாவில் ஏதாவது சாமான் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். "கெடைச்சா இன்னா தருவாங்க?" என்றேன் நான். ஒன்றும் தர மாட்டார்கள் என்றார். "அப்ப நல்ல ஆட்டம்தான்" என்றாள் கஸ்தூரி. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து தேடினாள். அன்றைக்கே தன் போனிலும் அதை ஏற்றிக்கொண்டாள்.

முதல் ஞாயிறு போளூர்ப் பக்கம் போனோம். போனில் ஒரு அம்புக்குறி தெரியும். அது நேராகக் காட்டியது என்று கஸ்தூரி நேராகவே நடந்தாள். நேரே இருந்தது வேர்க்கடலைக் கொல்லை. "யாரும்மா அது, செடிய மெறிச்சிகினு?" என்று ஒரு குரல். நான் வரப்புக்கு ஓடினேன். அவள் நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிக்கங்கண்ணா, போனு சொல்லிச்சி." "போனு சொன்னா கெணத்துல குதிப்பியா?" என்றார் அவர். அன்றிலிருந்து கஸ்தூரி எனக்குச் சொன்னது: "அம்பு வழி காட்டாதுடி, தெசதான் காட்டும். வழிய நாமதான் கேட்டுக்கணும்." புதிதாகத் தேட வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். செருப்புப் போடாமல் ஷூ போட்டு வாருங்கள், தண்ணீர் கொண்டு வாருங்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த டப்பா ஒரு வேப்பமரப் பொந்தில் கிடைத்தது. பக்கத்தில் கொண்டுபோய் விடுவதோடு போனின் வேலை முடிந்துவிடும். மீதியைக் கண்தான் தேட வேண்டும். கஸ்தூரி கையை விட்டு எடுத்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது. பேர் எழுதினோம். வெறுங்கையோடு மூட அவளுக்கு மனசு வரவில்லை. முந்தின நாள் போன ஒரு கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை கையில் இருந்தது. அதிலிருந்த வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு வாழைப்பழம் எல்லாவற்றையும் டப்பாவுக்குள் வைத்து அமுக்கி மூடினாள். அடுத்து வருகிறவருக்குத் தாம்பூலமாம்.

ஒரு மாதம் கழித்து யாரோ போனில் அந்த டப்பாவுக்கான பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நித்யா படித்துச் சொன்னாள். டப்பா பூராவும் எறும்பு, தாளெல்லாம் அழுகிவிட்டது, தின்னும் பொருளை உள்ளே வைக்கக் கூடாது, யார் செய்த வேலை இது என்று கேட்டிருந்தார்களாம். எனக்கு அவமானமாக இருந்தது. கஸ்தூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தப்புதான்னு எழுது நித்யா. ஆனா வந்தவங்கள எப்பிடி வெறுங்கையோட அனுப்புறதுன்னு கேட்டேன்னும் எழுது." அடுத்த ஞாயிறே போய் டப்பாவைக் கழுவி, புதுத் தாள் வைத்து, பட்டு நூலில் கட்டிய ஒரு குட்டிக் குஞ்சத்தையும் வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் போன இடமெல்லாம் குஞ்சம்தான்.

பிறகு அவளுக்குச் சொந்தமாக ஒன்று ஒளித்து வைக்க ஆசை வந்தது. கண்ணமங்கலம் தாண்டி ஒரு ஏரிக்கரை, பனைமரம், பாறை, நல்ல காற்று. நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்கப் போனோம்.

"டப்பால இன்னா கீது?"

"காயிதங்க."

"காயிதத்த ஒளிச்சி வெக்கவா ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமாங்க. அத்தத் தேட இன்னும் நெறைய பேரு பஸ் ஏறி வருவாங்க."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெச்சிட்டுப் போங்கம்மா, ஆட்ட மட்டும் வெரட்டாம இருந்தா சரி" என்றார்.

பனைமரத்தடியில் ஒரு கல்லுக்குக் கீழே வைத்தோம். யாருமே வரவில்லை. மழைக்காலம் போனது, பனி போனது, தாள் வெள்ளையாகவே இருந்தது. அதற்குள் கஸ்தூரிக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. வெளியே போகக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். ஞாயிறுதோறும் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "நான் உசிரோட கீறப்பவே ஒருத்தராவது வரணும்டி" என்பாள். ஒரு நாள் மனசு கேட்காமல், "நானே ஒரு பேர எழுதிட்டு வரட்டா?" என்றேன். "போடி, கள்ள ஓட்டு போடுற வேலயெல்லாம் வேணாம்" என்றாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு ஏரிக்கரைக்குப் போனால், கையில் போனோடு ஒருவர், அவர் மனைவி, அவருடைய அம்மா. தள்ளிப்போய்க் கீரை பறிப்பது போல் உட்கார்ந்து கஸ்தூரிக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டாங்கடி! ஆனா தப்பான மரத்தாண்ட தேடிகினு கீறாங்க. சொல்லிடட்டா?"

"வாயத் தொறந்த, கொன்னுடுவேன். தேடட்டும். அது அவுங்க சந்தோசம், நீ எடுத்துக்காத."

வெயில் ஏறியது. "அந்த அம்மா முடியலன்னு உக்காந்துட்டாங்கடி" என்றேன்.

"எங்க?"

"நம்ம கல்லு மேலயே!"

அந்தப் பக்கம் கஸ்தூரி சிரித்த சிரிப்பில் அவளுக்கு மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்துவிட்டேன். இங்கே மனைவி, "போலாங்க, இங்க ஒண்ணும் இல்ல" என்கிறாள். கணவர் போனைத் தட்டிப் பார்க்கிறார். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மா நெளிந்து உட்கார்ந்தார். "டேய், இந்தக் கல்லு இன்னாடா ஆடுது?" என்றார்.

மூன்று பேரும் கத்திய கத்தல் போன் வழியாக ஆரணிக்கே கேட்டது. யார் கண்டுபிடித்தது என்று நான் சொன்னதும் கஸ்தூரி, "மாமியாரா கண்டுபுடிச்சாங்க? சூப்பர்டி" என்றாள். அன்று மாலை அவர்கள் எழுதியதை நித்யா படித்துக் காட்டினாள்: "எங்கள் அம்மா உட்கார்ந்தே கண்டுபிடித்தார். குஞ்சம் அழகு." அதைக் கஸ்தூரி திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அதற்கடுத்த வாரம்தான் போய்விட்டாள்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத டப்பாவை எடுத்துவிட வேண்டுமாம். "எடுத்துடலாமா சித்தி?" என்று நித்யா கேட்டாள். என் பேருக்கு மாற்று என்றேன். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். இடத்தையும் மாற்றிவிட்டேன், அதனால் கல்லையெல்லாம் ஆட்டிப் பார்க்காதீர்கள்.

எனக்கு வாய் நிற்காது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட என் வாயில் தங்காது. ஒருவர் தேடும்போது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கக் கஸ்தூரியால்தான் கற்றுக்கொண்டேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். ஒரு ஞாயிறு வாருங்கள், தேடுங்கள். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.