பதின்மூன்றரை மணி நேரம்

மகள் எடின்பரோவுக்குப் படிக்கப் போகுமுன், பினாங்கிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் தேடினேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பறக்கும் நேரம் பதின்மூன்றரை மணி. அவள் போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. மலிவான டிக்கெட், சுற்றிக்கொண்டு போகிறது என்று எடுத்துக்கொண்டேன். அவசரம் என்றால் நேராகப் போகும் விமானம் ஒன்று இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கணவர் இறந்தபின் செபராங் ஜெயா வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளும் போனபிறகு, தூக்கம் வராதபோதெல்லாம் அந்தப் பதின்மூன்றரையைச் சொல்லிக்கொள்வேன். பிரிட்டனுக்கான பயண அனுமதியைக்கூட முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன்.

பிறையில், நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தபோது அவள் அழைத்தாள். மாலை நான்கு மணி. அங்கே காலை.

"ம்மா, பயப்படாதீங்க. அப்பெண்டிக்ஸாம். ஹாஸ்பிட்டல்ல சேர்த்துட்டாங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன்," என்றேன்.

உடனே சூலியா தெருவில் டிக்கெட் போடுபவரைக் கூப்பிட்டேன். நேராகப் போகும் விமானம் வேண்டும், என்ன விலையானாலும் சரி என்றேன்.

"அப்படி ஒண்ணு கெடையாதேக்கா."

"பதிமூணரை மணி நேரம்னு போட்டிருக்கே."

"அது கம்ப்யூட்டர் ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு போட்டுச் சொல்றதுலா. அந்தக் கோட்டுல பிளேன் ஓடணுமே. கோலாலம்பூர் போயி, டோஹா போயி, அங்கேருந்து மாறணும். இப்ப கெளம்புனாலும் அங்க நாளைக்கு மத்தியானம் ஆயிடும். போடவா?"

போடச் சொன்னேன். பிறகு மகளை அழைத்து, காலைக்குள் வந்து சேரமுடியாது என்றேன்.

"எனக்குத் தெரியும்மா."

"எப்ப தெரியும்?"

"முதல்ல இருந்தே. நேரா பிளேன் இல்லன்னு. நீங்க அதைச் சொல்லிச் சொல்லித்தானே தைரியமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

இரண்டு வருடமாக அவள் உண்மையான தூரத்தில் இருந்திருக்கிறாள். தனியாக.

அவளுக்கு மயக்க மருந்து கொடுத்தபோது நான் எந்த நாட்டுக்கு மேலே இருந்தேன் என்று தெரியவில்லை. முன்னிருக்கைத் திரையில் விமானத்தின் படம் நகர்வதாகவே தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கினார். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. கொண்டுவந்த உணவை மூடி திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

மருத்துவமனைக்குப் போனபோது எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலருகே முன்பின் பார்த்திராத ஒரு பெண், மகளின் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடப் படிப்பவளாம். படிவத்தில் அவசரத்துக்கு அழைக்கவேண்டிய ஆள் என்று மகள் இவளுடைய பெயரைத்தான் எழுதியிருந்தாள் என்று ஆங்கிலத்தில் தயங்கிச் சொன்னாள்.

உன் வீடு எங்கே என்று கேட்டேன்.

இங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் போதும் என்றாள்.