இருபத்தெட்டு மில்லி

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மில்லியக்கா. "ஒரு மில்லி கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு" என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறவளுக்கு மாணவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பட்டம் எதுவும் கிடையாது. கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவள், கழுவிக்கொண்டே காதில் விழுந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டாள். கிராமை மோலாக்குவதும், லிட்டரை மில்லியாக்குவதும், ஒரு கரைசலுக்கு எவ்வளவு எடை போட வேண்டும் என்பதும் பத்தொன்பது வருடத்தில் மனப்பாடம். புதிதாக வேலைக்கு வரும் விரிவுரையாளர்கள் கணக்கில் சந்தேகம் வந்தால் நைசாக ஸ்டோர் அறைப் பக்கம் வந்து அவளிடம்தான் கேட்பார்கள். கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம்.

வீட்டிலும் இதே கூத்துதான். இருமல் மருந்தைக் கரண்டியில் ஊற்ற விடமாட்டாள். சிரிஞ்சில் ஐந்து மில்லி உறிஞ்சி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துத்தான் கொடுப்பாள். அவள் வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக். "காபிக்கு எத்தனை மோல் சர்க்கரை போட்டே?" என்று அவர் கேட்காத நாளே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வராது. மூடிய கேஸை மறுபடி மூடிப் பார்ப்பாள், பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். எதிலாவது ஒரு பிசகு நடந்துவிடும் என்ற பயம் அவளோடு கூடவே பிறந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பயம் மகள் உருவத்தில் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தது. மகளும் அதே கல்லூரிதான். போன வருடம் செய்முறைத் தேர்வில் கை நடுங்கி, ப்யூரெட் என்கிற அளவுக் குழாயை உடைத்து, தோற்றுப் போனவள். இந்தத் தடவையும் தோற்றால் அடுத்த வகுப்புக்குப் போக முடியாது.

"நாளைக்கு எனக்கு என்ன ரீடிங் வரும்மா?"

"செஞ்சு பார்த்தாத்தானே தெரியும்."

"தப்பா வந்துட்டா?"

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பெற்ற மனசு கேட்கவில்லை. "எல்லாருக்கும் இருபதை ஒட்டித்தான் வரும். பத்தொன்பதரை, இருபது, இருபதரை. பயப்படாமப் போய்ச் செய்யி" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை இருபத்துநான்கு பேர் மேஜைகளுக்கு முன்னால் நின்றார்கள். வேலை சுலபமானது. மில்லியக்கா போட்டு வைத்த ஆக்சாலிக் அமிலக் கரைசலில் இருபது மில்லி எடுக்க வேண்டும். அதன் செறிவு 0.1 நார்மல் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். அதில் ப்யூரெட்டிலிருந்து, மேஜைக்கு மேஜை செறிவு கொஞ்சம் மாறும் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று எழுத வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் சோடாவின் செறிவைக் கணக்கிட வேண்டும்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனவளை முதல் மேஜைப் பையன் கண்ணால் கூப்பிட்டான்.

"அக்கா, இருபத்தெட்டு வருது."

"ப்யூரெட்டை ஒழுங்காக் கழுவினியா? கழுவியிருக்க மாட்டே."

அடுத்த மேஜையில் இருபத்தேழு புள்ளி மூன்று. அதற்கடுத்து இருபத்தெட்டரை. ஒருத்தி அழும் நிலைக்கு வந்துவிட்டாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நோட்டுகளை எட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"ஏம்மா, கரைசல் சரியாத்தானே போட்டீங்க?"

"பத்தொன்பது வருஷமா நான்தான் சார் போடறேன்" என்றாள் வெடுக்கென்று. சொன்ன வேகத்தில் அவளுக்கே மூச்சு வாங்கியது.

கடைசி வரிசையில் மகள் நின்றிருந்தாள். தாண்டிப் போகும்போது நோட்டு கண்ணில் பட்டது. இருபது புள்ளி இரண்டு. மூன்று தடவையும் அதே அளவு. மில்லியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை பேரும் கோட்டை விட்டதை என் பெண் ஒருத்திதான் சரியாகச் செய்திருக்கிறாள் என்று உடம்பெல்லாம் பூரித்தது. அந்தச் சந்தோஷம் ஸ்டோர் அறைக்குப் போகும் வரைதான் இருந்தது.

மேஜைக்கடியில் அமில பாட்டில் இருந்தது. பழையது தீர்ந்துபோய்ப் புதிதாக வந்தது. நேற்று எடை போடும்போதே படிகமாக இல்லாமல் மாவு மாதிரி இருந்ததைப் பார்த்தாள். புதுச் சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போது லேபிளைத் திருப்பினாள். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'நீரற்றது' என்று அச்சடித்திருந்தது.

பாட்டிலை மேஜை மேல் வைத்து மனசுக்குள் கணக்குப் போட்டாள். வழக்கமான ஆக்சாலிக் அமிலப் படிகத்துக்குள் தண்ணீர் ஒட்டியிருக்கும். நூற்று இருபத்தாறு பங்கு எடையில் முப்பத்தாறு பங்கு வெறும் தண்ணீர். அதற்குத்தான் லிட்டருக்கு 6.3 கிராம். தண்ணீரே இல்லாத இந்த மாவுக்கு 4.5 போதும். கைப்பழக்கத்தில் 6.3 போட்டிருக்கிறாள். கரைசல் 0.1 இல்லை, 0.14. ஒன்றுக்கு ஒன்று புள்ளி நான்கு மடங்கு. இருபது வர வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு.

அப்படியென்றால் இருபத்துமூன்று பேர் எழுதியது சரி. மகள் எழுதியதுதான் பொய்.

ஸ்டோர் அறைக்கும் ஆய்வகத்துக்குமாக நாலு தடவை நடந்தாள். எதற்கு நடக்கிறோம் என்றே தெரியவில்லை. பேசாமல் இருந்தால் மகள் தேறிவிடுவாள். சொன்னால் தோற்றுவிடுவாள். அதற்குள் மணி அடித்துத் தேர்வு முடிந்தது. வராந்தாவில் மகளை ஓரமாக இழுத்தாள்.

"உனக்கு எத்தனை வந்துச்சு?"

"இருபது புள்ளி ரெண்டும்மா!"

"எழுதினதைக் கேக்கல. ப்யூரெட்ல வந்ததைக் கேக்கறேன்."

மகள் முகம் சுருங்கிப் போனது. "இருபத்தேழரை."

"அப்புறம் ஏன்டி..."

"நீதானேம்மா இருபதுன்னு சொன்னே?" என்று அழ ஆரம்பித்தாள்.

துறைத் தலைவர் அறையிலிருந்து தேர்வாளரின் குரல் வராந்தா வரை கேட்டது. "எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்காங்க சார். ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பியடிச்சிருக்கான். நான் ரிப்போர்ட் எழுதப் போறேன். இந்த ஒரு பேப்பர்தான் யோக்கியமா இருக்கு."

அந்த யோக்கியமான பேப்பர் எது என்று அவளுக்குத் தெரியும். ஓடிப் போய் பாட்டிலை எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள்.

"சார், தப்பு பிள்ளைங்க மேல இல்ல, என் மேலதான். தண்ணி இருக்கிற அமிலத்துக்குப் போடற எடையை இதுக்குப் போட்டுட்டேன். எல்லா ரீடிங்கையும் ஒண்ணு புள்ளி நாலால வகுத்துப் பாருங்க."

தேர்வாளர் நம்பாமல்தான் கால்குலேட்டரை எடுத்தார். இருபத்தெட்டு இருபதானது. இருபத்தேழு புள்ளி மூன்று பத்தொன்பதரை ஆனது. ஒவ்வொரு தாளும் அவரிடமிருந்த விடைப் பட்டியலோடு கச்சிதமாகப் பொருந்தியது. துறைத் தலைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு தாள் மட்டும் தனியாக நின்றது.

"இது பதினாலு புள்ளி நாலுல்ல வருது?" தேர்வாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். அதில் எண்தான் இருந்தது, பெயர் இல்லை. ஒரு வகுப்பையே திருடர்களாக்கப் பார்த்தோமே என்ற கூச்சமோ என்னவோ, அவர் குரல் தணிந்திருந்தது. "ஒருவேளை இந்த மேஜைக்கு மட்டும் பழைய கரைசல் போயிருக்குமோம்மா? அப்படின்னா இதுவும் சரிதான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் சோதிக்கப் போவதில்லை. துறைத் தலைவருக்கு அது யாருடைய எண் என்று தெரியும். அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இல்ல சார். எல்லா மேஜைக்கும் ஒரே கரைசல்தான். என் கையாலதான் ஊத்தினேன்."

தேர்வாளர் அந்த எண்ணுக்கு நேரே சைபர் போட்டார்.

வெளியே வந்தபோது மகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்."

"நான் பண்ணினதையுமா?"

"அதையும்தான்."

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். பின்னால் போவதா, விட்டுவிடுவதா என்று தெரியாமல் மில்லியக்கா பாட்டிலும் கையுமாக அங்கேயே நின்றாள்.