அம்மாவும் அப்பாவும் கல்யாணம் பதிந்த நாள்

அம்மாவும் அப்பாவும் கல்யாணம் பதிந்த நாளில் எனக்குப் பதினைந்து வயது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை அவர்கள் பதியவில்லை என்பதே எனக்குத் தெரியாது.

சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்று வகுப்பு டீச்சர் சொன்னார். அம்மா தகரப்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வாசித்தேன். தகப்பனின் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கட்டத்தில் 'இல்லை'. அந்த நேரம் அப்பா எனக்கு முன்னால்தான் குந்தியிருந்து தம்பியின் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. இது எப்படி என்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து வைப்பவர் அவர். எனக்கு அம்மை போட்டபோது பக்கத்திலிருந்து வேப்பிலையால் விசிறியவர் அவர். கடதாசியில் மட்டும் ஏன் இல்லை?

"அம்மா, நீங்க கல்யாணம் கட்டலையா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தோட்டமே கூடி நிக்க கோயில்ல கட்டின தாலி இது. போய் உங்கப்பாகிட்டயே கேளு."

அப்பா பிரஷைக் கீழே வைத்தார். "நான் இந்தியாவுக்குப் போயிட்ட ஆளு. போனவன் இங்க எப்படிப் பதியிறது?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தோட்டத்துக் குடும்பங்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்திருந்த காலம் அது. அவருடைய தாய் தகப்பன், அண்ணன்மார் எல்லோருக்கும் இந்தியா போகப் பாஸ்போட் வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் அதற்குள் பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவோடு அவருக்கு விருப்பமாகிவிட்டது. அம்மா வீட்டாருக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. குறித்த நாளில் அப்பாவின் குடும்பம் சாமான்களோடு மாத்தளையில் ரயிலேறியது. உக்குவளையில் ரயில் நின்றதும், "தண்ணி பிடிச்சிட்டு வர்றேன்" என்று இறங்கியவர் பைப்படியிலேயே நின்றுவிட்டார். ரயில் நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவருடைய அம்மா கூப்பிட்டாராம்.

அதன்பிறகு அப்பா எந்த அரசாங்கக் கந்தோரிலும் காலடி வைக்கவில்லை. இங்கே இருப்பது தெரிந்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மாத்தளைத் தேர்த் திருவிழாவுக்கு அம்மா, நான், தம்பி மூவர் மட்டும் போவதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அந்த நாட்களில் வடக்கில் சண்டை ஓய்ந்திருந்தது. பிரஜாவுரிமைக்குப் புதிய சட்டம் வந்திருந்தது; பாஸ்போட் எடுத்தும் போகாமல் நின்றவர்களும் கையெழுத்து வைத்து இந்த நாட்டுப் பிரஜையாகலாம். பதியாமல் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு விவாகப் பதிவு செய்து, பிள்ளைகளின் சான்றிதழில் தகப்பன் பெயரைச் சேர்க்கப் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை நடக்கும் என்று கிராம சேவகர் நோட்டீஸ் ஒட்டினார். அப்பா வரமாட்டேன் என்றார்.

"இனி யாரையும் அனுப்ப மாட்டாங்கப்பா. நோட்டீஸ்ல போட்டிருக்கு. நானே வாசிச்சேன்."

"இன்னொருக்கா வாசிச்சிட்டு வா" என்றார். போய் வாசித்துவிட்டு வந்தேன். ஒரு சொல்லும் மாறவில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

அன்று வகுப்பறையில் பெண் பதிவாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வரிசையில் தலை நரைத்த மாப்பிள்ளைகள் நின்றார்கள். ஒரு மணப்பெண் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். பிள்ளைகளான நாங்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தோம்.

"ரெண்டு பேரும் விருப்பத்தோடதான் கட்டிக்கிறீங்களா?" என்று பதிவாளர் கேட்டார்.

"இதை நீங்க ரெண்டு பிள்ளைக்கு முந்தியே கேட்டிருக்கணும்" என்றார் அம்மா. வரிசையே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"விருப்பம்தாங்க" என்று சத்தமாகச் சொன்னார்.

அப்பா நின்றபடியே குனிந்து கையெழுத்து வைக்கப் போனதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற உத்தியோகத்தர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவுக்கு அதே பேச்சு. "கதிரை போட்டாங்க, பாத்தியா? எனக்குக் கதிரை போட்டாங்க."

சில மாதங்களில் புதிய சான்றிதழ் வந்தது. அப்பாவின் முழுப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, தகப்பன் பிறந்த இடம்: கலேவெல. எனக்கு மறுபடியும் ஆச்சரியம். அப்பா மலையில் பிறந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன். வயலும், காடு வெட்டி மிளகாய் போடும் சேனை நிலமுமான கலேவெலயில் அவர் எப்படிப் பிறந்தார்?

"தோட்டத்தில வேலை இல்லாத காலத்தில எங்கம்மா அங்க மிளகாய் பறிக்கப் போனாங்களாம். எந்த இடமின்னு எனக்கே தெரியாது."

"போய்ப் பாக்கலாமாப்பா?"

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் நாங்கள் இருவரும் போனோம். சந்தையில் இரண்டு மூன்று முதியவர்களிடம், தோட்டத்து ஆட்கள் மிளகாய் பறிக்க வந்த இடம் எது என்று அப்பா சிங்களத்தில் விசாரித்தார். யாருக்கும் நினைவில்லை. அப்பாவுக்கு அது வருத்தமாகத் தெரியவில்லை. ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, அவர் அம்மா எப்படி இருப்பார் என்று முதன்முறையாக எனக்குச் சொல்லத் தொடங்கினார்.