அஞ்சலை அக்காவின் கொடிக்காலுக்கு ஒரு ஓட்டு

போன சனிக்கிழமை காலை, குருசுக்குப்பத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் தேன்மொழி ஸ்கூட்டர் சாவியோடு வந்து நின்றாள். "சார், பாகூர் பக்கம் ஒரு நிலம் பார்க்கப் போறேன். வர்றீங்களா?"

ஏதோ வீட்டுமனை என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன்! அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போதுதான் விஷயம் தெரிந்தது...

சாட்டிலைட் படத்தைப் பார்த்து எந்த வயலில் என்ன பயிர் என்று கம்ப்யூட்டரைச் சொல்ல வைப்பது தேன்மொழியின் வேலை. ஒரு புரோகிராமை மட்டும் நம்ப மாட்டாளாம். நாலு வைத்திருக்கிறாள். ஒன்று நிறத்தைப் பார்க்கும். ஒன்று பக்கத்து நிலங்களோடு ஒப்பிடும். இன்னொன்று, மேற்பரப்பு சொரசொரப்பா வழவழப்பா என்று பார்க்கும். நாலாவதுக்கு ஒரு படம் போதாது. வருஷம் முழுக்க எடுத்த படங்களை வரிசையாக வைத்து, பச்சை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கவனிக்கும். பிறகு நாலும் ஓட்டுப் போடும். மெஜாரிட்டி சொன்னதுதான் பயிர்!

"நெல்லு, கரும்பெல்லாம் கரெக்டா சொல்லுது சார். ஒரு அக்காதான் போன் பண்ணி சண்டை போடுறாங்க."

அந்த அக்கா அஞ்சலை. அரைக் காணியில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். சமீபத்துப் புயலில் பாதிக் கொடி சாய்ந்து அழுகிவிட்டது. தேன்மொழியின் மேப்பிலோ அந்த இடம் 'தோப்பு'. அந்த மேப்பை வைத்துத்தான் நிவாரணத்துக்கான பயிர்ச் சேதப் பட்டியல் தயாராகிறது. தோப்பு என்றால், மரம்தான் நிற்கிறதே என்று அக்காவின் பெயர் பட்டியலில் வராது. திங்கட்கிழமை மேப்பைக் கொடுத்தாக வேண்டும்.

ரோட்டிலிருந்து பார்த்தேன். நெருக்கமாக அகத்தி மரங்கள். "தோப்புதானே?" என்றேன்.

அக்கா பார்த்த பார்வை இருக்கிறதே... "ரோட்டுலயே நின்னா அப்படித்தான் சார் தெரியும். உள்ள வந்து பாருங்க!"

குனிந்து நுழைந்தேன். ஒரு பாதியில் ஒவ்வொரு அகத்தியையும் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தது வெற்றிலைக் கொடி. மறுபாதியில் கொடிகள் சேற்றில் கறுத்துக் கிடந்தன. அகத்திதான் கொடிக்குப் பிடிமானம், குடையும் அதுதான். மேலிருந்து பார்த்தால் குடை தெரியும். அடியில் நிற்கிற ஆள் தெரியுமா?

தேன்மொழி வரப்பில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மூன்று புரோகிராம்கள் 'தோப்பு' என்றிருந்தன. நாலாவது மட்டும் தனியாக, பிடிவாதமாக, 'கொடிக்கால்' என்றிருந்தது!

"அக்கா, ஆடி மாசம் இங்க என்ன பண்ணீங்க? திடீர்னு பச்சை கொறையுது."

"வீராம்பட்டினம் தேருக்கு முன்னாடி அகத்தித் தழையக் கழிச்சிடுவேம்மா. ஆடிக் காத்துல மரம் ஆடுனா கொடி அறுந்துடும். அடியில வெயிலும் வுழணும்ல?"

"தை மாசமும் கொறையுதே?"

"பொங்கல் முடிஞ்ச கையோட இன்னொரு தபா கழிப்பேன். அது எப்படிம்மா உனக்குத் தெரியும்?"

"இந்த நாலாவது ஆளுதான் சொல்லிச்சிக்கா, சும்மா தோப்புன்னா பச்சை இப்படி ரெண்டு தடவ கொறையாது," என்று திரையைக் காட்டினாள் தேன்மொழி.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு பெண் அரிவாளோடு தழை கழிக்கிறாள். தழையை ஆடு தின்றுவிட்டது, அவளும் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் வானத்தில் எங்கோ சுற்றுகிற ஒன்று அந்த வேலையைப் பார்த்து வைத்திருக்கிறது. ஒரு வெற்றிலைகூட அதன் கண்ணில் படவில்லை. அக்காவின் கை வேலையை வைத்தே வெற்றிலையைக் கண்டுபிடித்துவிட்டது!

மூன்று பேர் சேர்ந்து சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடுமா? நம் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஆகிவிடுகிறது...

ஞாயிறு முழுக்க மாடியில் விளக்கு எரிந்தது. எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்பதைத் தேன்மொழி மாற்றினாள். எந்தப் பயிரில் யார் சொன்னது இதுவரை சரியாக இருந்ததோ, அந்தப் பயிரில் அவர் பேச்சுக்குத்தான் கனம். நெல்லா? நிறம் பார்க்கிறவரைக் கேள். மரமாகத் தெரிகிறதா? நாலாவதைக் கேள்.

திங்கட்கிழமை காலை தடதடவென்று இறங்கி வந்தாள். "சார், அக்கா நிலம் கொடிக்கால்னு வந்துடுச்சி! அதோட இன்னும் அஞ்சு கொடிக்கால் வந்திருக்கு. அவங்க யாரும் போன்கூட பண்ணல சார்..." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

சனிக்கிழமை கிளம்பும்போது அஞ்சலை அக்கா, மிஞ்சிய கொடியில் கிள்ளிய இளம் வெற்றிலையை என் கையில் திணித்திருந்தார். "அந்த நாலாவது ஆளு வெத்தல போடுமா சார்? போட்டா குடுத்துடுங்க!"

யாரிடம் போய்க் கொடுப்பது? அதன் சார்பில் நானே போட்டுக்கொண்டேன்.

ரோட்டில் நின்று மற்ற மூன்றோடு ஓட்டுப் போட்டவன் அல்லவா... கொஞ்சம் காரமாகத்தான் இருந்தது!